ராஜா ஊரை மாற்றிய காரணம்

1

இந்தக் கதை என்னிடம் வந்து சேர்ந்ததற்குக் காரணம், கோலாப்புக்குத் தமிழ் தெரியாது என்பதுதான். கம்போடியாவின் சியம்ரீப்பில் எனக்கு எதிர்வீட்டுக்காரி. வெளியூர்க்காரர்களுக்குக் கோயில் காட்டும் கைடு. முந்தாநாள் என் இட்லிக் கடைக்கு வந்து, "அண்ணா, உங்க ஊர் அம்மா ஒருத்தங்க வந்திருக்காங்க. தமிழ் மட்டும்தான் பேசுறாங்க. நாளைக்குக் கோ கேர் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன். நான் கெமர்ல சொல்றதை நீங்க தமிழ்ல சொன்னா போதும்" என்றாள். கடையைச் சாத்திவிட்டு நேற்றுப் போனேன். இன்று எழுதுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மூடுபனியின் நடுவே அந்தக் கற்கோபுரம் மெல்ல..."

(விட்டுவிட்டேன். நேற்று மூடுபனி இல்லை. மண்டை காயும் வெயில்.)

இரண்டாவது: "பூன்தன் வேன் கதவை அறைந்து சாத்தினான்."

இது நடந்தது. இங்கிருந்தே போகலாம்.

2

பூன்தன் வேன் டிரைவர். கோலாப்பின் புருஷன். சில மாதங்களாக ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன் அக்கா வீட்டில் இருக்கிறான். டூர் கம்பெனிக்கு இது தெரியாது. இருவரையும் ஒரே வேனில் அனுப்பிக்கொண்டிருக்கிறது. அவர்கள் மகள் சிரேநித்துக்குக் கல்யாணம் பேசி முடிக்க நாளை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். (இன்று கணக்குக்கு நாளை. வேனில் அது நாளன்னைக்கு.)

நகரம் தாண்டியதும் கோலாப் முன் சீட்டில் இருந்தபடி ஆரம்பித்தாள்.

"டிரைவர், நாளன்னைக்கு அவங்க வர்றாங்க."

"கைடு அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"வருவியா, மாட்டியா?"

"மாடு குறுக்க வருது. பேசாம இரு."

"மாடு போய் எவ்வளவு நேரமாச்சு."

பின்சீட்டில் என் பக்கத்தில் ஈரோட்டுக் கமலவேணி அம்மாள். புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, மடியில் மடக்குக் குடை. "ஏனுங்க தம்பி, என்ன சொல்றாங்க?" என்றார்.

"ராஜா தலைநகரை மாத்தினதைப் பத்திம்மா. அங்கோரை விட்டுட்டு இந்தக் காட்டுக்கு வந்துட்டார்."

"எதுக்குங்க வந்தாரு?"

"அதுலதான் ரெண்டு பேருக்கும் அபிப்பிராய பேதம்."

(ஒரு ராஜா கோ கேரில் தலைநகர் வைத்திருந்தது உண்மை. இதற்குப் பிறகு நான் சொன்னதெல்லாம் ஓடும் வேனில் கட்டியது. சரித்திரம் தேடுகிறவர்கள் வேறு வேனில் ஏறவும்.)

"நீ வரலைன்னா எங்க அண்ணனை உன் இடத்துல உட்கார வைப்பேன்" என்றாள் கோலாப்.

"வை. அவருக்குத்தான் சபையில உட்கார்ற மூஞ்சி."

"இப்போ என்னங்க?"

"ராஜா வராட்டி மச்சானுக்குப் பட்டம் கட்டலாம்னு பேச்சு இருந்ததாம்."

கமலவேணி அம்மாள் மடியிலிருந்த குடையை நேராக்கிக்கொண்டார். பிறகு, "ராஜா ஜீவனாம்சம் ஏதாச்சும் குடுத்தாருங்களா?" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"நான் குடும்பநல கோர்ட்டுல பெஞ்ச் கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவ தம்பி. இந்தக் குரலுக்கெல்லாம் பாஷை வேணுமுங்களா? நீங்க பாட்டுக்குச் சொல்லுங்க, நல்லாத்தான் இருக்குது."

3

பூன்தன் மீது எனக்குச் சந்தேகம் இருந்தது. குடிகாரனாகவோ வேறொருத்தி வைத்திருப்பவனாகவோ எழுதிவிட்டால் கதை சுலபமாக நகரும். அப்படியே அரைப்பக்கம் எழுதினேன். ஆனால் அவன் நேற்று வழியில் நிறுத்தி, மூங்கில் குழாயில் சுட்ட ஒட்டரிசிச் சோறு வாங்கி, இருப்பதிலேயே பெரிய குழாயைக் கோலாப்பின் சீட்டில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தான். வில்லனுக்கு இது ஒத்து வராது. அரைப்பக்கத்தை அடித்தேன்.

கோலாப் அதை அப்படியே கமலவேணி அம்மாளிடம் நீட்டினாள். அவர் பாதியை உடைத்து எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார். கோலாப் சாப்பிட்டாள்.

கோ கேரில் படிப்படியாய் உயரும் அந்தக் கோபுரத்தைப் பார்த்ததும் அம்மாள், "முட்டி ஒத்துக்காது. நீங்க ஏறிப் போட்டோ எடுத்துட்டு வாங்க" என்று போனைக் கொடுத்துவிட்டு, பூன்தனோடு நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்துகொண்டார். நானும் கோலாப்பும் ஏறினோம்.

(உச்சியிலிருந்து தெரியும் காட்டை இங்கே வர்ணிக்க வேண்டும். எழுதிப் பார்த்தேன். பச்சையாக இருந்தது.)

"என்னதான் ஆச்சு உங்களுக்குள்ள?" என்று கேட்டேன்.

"மழையில வேன் வாய்க்கால்ல இறங்கிடுச்சுண்ணா. உள்ள எட்டுப்பத்து வெள்ளைக்காரங்க கத்துறாங்க. கம்பெனில புகார் போனா இவர் வேலை போயிடும். அதனால இங்கிலீஷ்ல சொன்னேன், மன்னிச்சுக்குங்க, டிரைவர் புதுசுன்னு."

"அவனுக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே?"

"'நியூ'ங்கிற வார்த்தை தெரியும். எல்லாக் கடை போர்டுலயும் இருக்கே." மூக்கை உறிஞ்சினாள். "வேனை வெளிய எடுத்தார். எல்லாரையும் ஓட்டல்ல இறக்கினார். அப்புறம் என்னைப் பார்த்து, 'புது டிரைவர் கிளம்புறேன், கைடு அம்மா'ன்னார். அக்கா வீட்டுக்குப் போயிட்டார்."

"மன்னிப்புக் கேட்டியா?"

"வாய்க்கால்ல விட்டது நானா?"

கீழே பூன்தன் கமலவேணி அம்மாளின் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றச் சொல்லிக் கடைக்காரியிடம் கைகாட்டிக்கொண்டிருந்தான்.

4

திரும்பும் வழியில் பெங் மீலியா. விழுந்த கோயில், யாரும் தூக்கி நிறுத்தவில்லை. கற்குவியல் மேல் மரப்பாலம் போட்டிருக்கிறார்கள். பார்த்து முடித்து வாசலுக்கு வந்த பிறகு, அம்மாள் குடையை உள்ளே ஒரு ஜன்னல் மாடத்தில் விட்டுவிட்டது தெரிந்தது. கோலாப் எடுக்கப் போனாள்.

அவள் போனதும் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை. உள்ளே எங்கோ ஒரு பெரிய கிளை முறிந்து கல் மேல் விழுந்த சத்தம் கேட்டது. மழையைத் தவிர வேறு சத்தம் இல்லை.

வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த பூன்தன் துணியைப் போட்டுவிட்டு ஓடினான். பாலத்தில் போகவில்லை. ஏறக் கூடாது என்று பலகை வைத்திருந்த கற்கள் மேல் நேராக ஏறினான். ஒரு செருப்பு கழன்று இடுக்கில் விழுந்தது.

"ஊன்! ஊன்!"

கமலவேணி அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னன்னு தம்பி கூப்படறாரு?"

கெமரில் தங்கையையும் 'ஊன்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பொண்டாட்டியைக் கூப்பிடுறார்ம்மா" என்றேன். நேற்று முழுக்க நான் ஒழுங்காக மொழிபெயர்த்தது இந்த ஒன்றைத்தான்.

கோலாப் வேறு வழியாக, பாலத்தின் மேல், குடை பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். நனையவே இல்லை. மேலே கல்லின் மீது நின்றவனைப் பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே ரத்தம் மழையோடு வழிந்துகொண்டிருந்தது.

"எதுக்கு இப்படிக் கத்துற? கோயில் விழுந்துடப் போகுது."

"அது ஏற்கெனவே விழுந்துதான் கெடக்கு" என்றான் பூன்தன்.

அவன் இறங்கி வந்ததும் அவன் தலைக்கு மேல் குடையைப் பிடித்தாள். அது ஒரு ஆளுக்கான குடை. இருவரும் நனைந்தார்கள்.

ஊர் வந்து சேரும் வரை எனக்கு வேலை இல்லை. அம்மாள் தூங்கிவிட்டார்.

5

முடிவுகள்:

அ) நாளை பூன்தன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறான்.

ஆ) வரவில்லை. கோலாப்பின் அண்ணன் உட்காருகிறார். மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் கேட்காமல் தேநீர் குடிக்கிறார்கள்.

இ) வருகிறான், மாப்பிள்ளை வீட்டார் முன்னால் இருவரும் வாய்க்காலைப் பற்றி...

மூன்றாவதை எழுதிக்கொண்டிருந்தபோது கோலாப் நாற்காலி கேட்டு வந்தாள். என்ன எழுதுகிறேன் என்று கேட்டாள். சொன்னேன்.

"அதுல அவர் வர்றாரா?"

"இன்னும் முடிவு பண்ணலை."

"நீங்க யாருண்ணா முடிவு பண்ண?"

நியாயமான கேள்வி. மூன்றையும் அடித்துவிட்டேன். படிக்க முடிகிற மாதிரிதான் அடித்திருக்கிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

"பாய்தானே விரிப்பீங்க?" என்று கேட்டேன்.

"மாப்பிள்ளை வீட்டுல எல்லாருக்கும் முட்டிவலி."

கடையிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தெருவைக் கடந்து கொண்டுபோய் வைத்தாள். மறுபடி வந்து என் முன்னால் நின்றாள்.

"எந்திரிங்கண்ணா. இதுவும் வேணும்."

கடையில் கை வைத்த நாற்காலி இது ஒன்றுதான்.

"இது எதுக்கு?"

"பொண்ணோட அப்பா உட்கார."

அது பூன்தனா, அவன் இடத்துக்கு வரப்போகும் அண்ணனா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் அதற்குள் நாற்காலியைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். மீதியை நின்றுகொண்டு எழுதினேன். கால் வலிக்கிறது. உட்காருவது யார் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அவரை உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.