முதல் ஜன்னல்

இரண்டாம் ஜன்னலில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு நழுவிவிடலாம் என்றுதான் அந்தக் குடிநீர்ப் பரிசோதகர் அரை நாள் லீவு போட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். முதல் ஜன்னலில் விண்ணப்பம் வாங்குபவள் அவர் மனைவி. இரண்டாம் ஜன்னல்காரருக்கு அன்று பார்த்துப் பல்வலி. வரிசை மொத்தமும் முதல் ஜன்னலுக்குத் திரும்பியது.

கடைசி நாள். நான்கு மணிக்கு மூடிவிடுவார்கள். இந்த வருஷம் விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் ஆசை அதோடு போயிற்று.

“வாங்க சார்,” என்றாள் மனைவி. காலையில் சாவியைத் தொலைத்ததற்காக அவரை ஒரு பிடி பிடித்தவள்தான்.

“பி.எஸ்சி. வேதியியல். எம்.எஸ்சி. இயற்பியல் கேக்குறீங்க. அப்ப கணக்கு துணைப்பாடமாப் படிச்சிருக்கணும். அந்த மார்க் ஷீட் எங்க?”

“வேதியியலோடது வெச்சிருக்கேனே.”

“அது பத்தாது சார். இல்லன்னா தகுதி இல்லன்னு எழுதிடுவேன்.”

கணக்கு மார்க் ஷீட்டும் பையில்தான் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பு, பேச விஷயம் கிடைக்காமல், கணக்கில் நூற்றுக்கு நூறு என்று அவளிடம் அளந்துவிட்டார். பதினொரு வருஷமாக அந்தத் தாளை ஒளித்து ஒளித்து வைத்தார்.

“மணி மூணே முக்கால்ங்க,” என்றாள் பின்னால் நின்ற பெண்.

நான்காக மடித்த தாளைத் தள்ளினார். மனைவி பிரித்தாள். நாற்பத்தொன்று. மூன்றாம் முயற்சி. அவள் முகம் அசையவில்லை. காது மட்டும் சிவந்தது. சிரிப்பை அடக்கினால் அவளுக்கு அப்படித்தான்.

“அந்த நூறு எந்தப் பக்கம் சார், பின்னாடியா?”

“மூணு தடவையையும் கூட்டினா வரும்,” என்று முனகினார்.

“பாஸ் ஆனாப் போதும். எத்தனையாவது தடவைன்னு விதியில கேக்கல.”

தகுதி உண்டு என்று முத்திரை விழுந்தது. அவருக்கு மூச்சு வந்தது.

“பாடத்திட்டம் பாத்தீங்களா?”

“இன்னும் இல்ல.”

“முதல் பேப்பரே முழுக்கக் கணக்கு.” ரசீதை நீட்டியவள் குரலைத் தாழ்த்தினாள். “எனக்குக் கணக்குல தொண்ணூத்தெட்டுங்க. நூறு வாங்கினவர்கிட்ட இதைப் போய் என்னன்னு சொல்றதுன்னு இத்தனை வருஷம் வாயை மூடிட்டு இருந்தேன்.”

அவர் ரசீதை வாங்கி நான்காக மடித்தார்.

“நகருங்க சார். அடுத்தவங்க வரட்டும்.”