கார் ஷெட்டுக்குள் ஒரு வட்டாரப் பாதை

பல் டாக்டர் தன் சகலையைப் பழிவாங்க முடிவெடுத்தது மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்.

“உங்க சைக்கிள் ரூட்டை உள்ளூர்னு மாத்திட்டேன் சகலை, பாத்தீங்களா?” என்றார் சகலை, தண்ணீர் கேட்கிற குரலில்.

டாக்டரின் ரூட் இருந்தது, யார் வேண்டுமானாலும் கைவைக்கலாம் என்று இணையத்தில் திறந்துகிடக்கும் ஒரு வரைபடத்தில். ஊருக்குள்ளேயே சுற்றினால் உள்ளூர்ப் பாதை. ஊர் விட்டு ஊர் போனால் வட்டாரப் பாதை. டாக்டர் ஞாயிறுதோறும் நாக்குத் தள்ள மிதித்து, ஒவ்வொரு வளைவையும் வரைந்து, பெருமையாக ‘வட்டாரம்’ என்று குறித்திருந்தார். சைக்கிள் கிளப்பின் வருடாந்தரப் பயணம் வட்டாரப் பாதையில்தான் போகும். பாதையை வரைந்தவர்தான் அன்றைக்குக் கேப்டன். கேப்டன் என்று அச்சடித்த பனியனும் தயார்.

“ஏன் மாத்தினீங்க?”

“கால்வாய்க்கு இந்தப் பக்கமே நின்னுடுதே. பக்கத்து ஊரைத் தொட்டாத்தானே வட்டாரம்? ரூல்னு ஒண்ணு இருக்குல்ல, சொந்தக்காரர்னு பாக்க முடியுமா? கவலைப்படாதீங்க, இந்த வருஷம் என் ரூட்ல போயிடலாம்.”

“அப்போ சின்ன மாப்பிள்ளை உள்ளூர், பெரிய மாப்பிள்ளை வட்டாரம்!” என்று மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார். டாக்டரும் சிரித்தார். அவருக்குப் பல்வரிசை நன்றாக இருக்கும்.

பாதை ஏன் கால்வாயைத் தாண்டவில்லை? தாண்டவேண்டிய பாலத்துக்குப் போகும் பொதுச் சந்தில் ஒரு கார் ஷெட் நின்றது. ஷெட் சகலையுடையது. வீடு கட்டியபோது கையோடு சந்துக்கும் கூரை போட்டு, கேட் வைத்து, காரை விட்டுவிட்டார். குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். சொந்தம் என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள், ஊரார் வாயைத் திறக்கவைத்துப் பிழைக்கும் டாக்டர் உட்பட.

அடுத்த வாரம் நகராட்சி இன்ஜினியர் கடைவாய்ப் பல்லுக்காக வந்து நாற்காலியில் சாய்ந்தார். மரத்துப்போன வாய், அதில் பஞ்சு, அதற்கு மேல் டாக்டரின் இரண்டு விரல்கள்.

“சார், பொதுச் சந்துல ஒருத்தர் ஷெட் போட்டு வளைச்சிருக்கார். எடுக்கலாம்ல?”

“ஆ... ஆ...”

“சட்டப்படி தப்புதானே?”

“ஆ!”

அரசு அதிகாரி ஒருவர் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டு டாக்டர் பார்த்ததில்லை. வாய் காலியானதும் இன்ஜினியர் சொன்னார்: “புகார் எழுதிக் குடுங்க. சொந்தக்காரங்களா?”

“அதெல்லாம் பாக்க முடியுமா சார்? ரூல்னு ஒண்ணு இருக்குல்ல.”

ஷெட் ஒரே காலைப்பொழுதில் தகரமும் கம்பியுமாகக் கிடந்தது. கார் தெருமுனை மரத்தடிக்குக் குடிபெயர்ந்தது; காகங்கள் அதை அன்றே தத்தெடுத்தன.

“அக்கா போன்ல ஓன்னு அழுவுறா. நீங்கதானே பண்ணீங்க?” என்றாள் மனைவி.

“நான் பல்லுதான் புடுங்குவேன். ஷெட்டு புடுங்கத் தெரியாது.”

“தூ! உங்களுக்கெல்லாம் ஒரு சைக்கிளு!”

டாக்டர் அன்றைக்கே வரைபடத்தில் சந்தின் வழியே பாலம் தாண்டிப் பக்கத்து ஊர்வரை கோடு இழுத்தார். ‘உள்ளூர்’ என்ற குறியை மட்டும் மாற்றவில்லை. சகலைக்குச் செய்தி அனுப்பினார்: ‘இப்ப தொடுது சகலை. ரூல்படி பாத்து நீங்களே மாத்திடுங்க.’ குடும்பக் குழுவில், மாமனார் பார்க்கும்படி.

சாயங்காலம் வரைபடத்தில் ‘உள்ளூர்’ போய் ‘வட்டாரம்’ வந்திருந்தது. மாற்றியவர் பெயர் சகலையுடையது. காரணம் எழுதும் கட்டத்தில் ஒரே ஒரு முற்றுப்புள்ளி.

பயணத்தன்று பொழுது விடியும்போது, கேப்டன் பனியனோடு டாக்டர் முன்னால் போக, கிளப் மொத்தமும் சகலையின் படுக்கையறை ஜன்னலை உரசிக்கொண்டு சந்துக்குள் நுழைந்தது. ஜன்னல் திரை லேசாக விலகியது. டாக்டர் சைக்கிளை நிறுத்தி, பெல் வேலை செய்கிறதா என்று சோதித்தார். செய்தது. சந்தேகத்துக்கு இன்னொரு முறை சோதித்தார். பிறகு பின்னால் திரும்பி, எல்லோரும் அவரவர் பெல்லைச் சோதித்துக்கொள்ளுமாறு கேப்டன் என்ற முறையில் உத்தரவிட்டார்.