பெயரைச் சொல்லும் இடம்

பிணவறை வாசலில் நின்று குருவம்மா புதுச் சட்டத்தின் நகலைப் பைக்குள்ளிருந்து எடுத்தார். மூலை நனைந்திருந்தது. முந்தானையால் ஒற்றிவிட்டு எழுத்தரிடம் நீட்டினார்.

"போன மாசம்தான் வந்துச்சு தம்பி. நாங்க அலைஞ்சு வாங்கினது. கொஞ்சம் பாருங்க."

எழுத்தர் நல்ல மனிதர்தான். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பொறுமையாகவே படித்தார். திருநங்கைகளை வேலையிலிருந்து நீக்கக் கூடாது, சரி. வாடகைக்கு வீடு மறுக்கக் கூடாது, சரி. வழிபாட்டு இடங்களில் நுழைவதையோ, வழிபாட்டை முன்நின்று நடத்துவதையோ யாரும் தடுக்கக் கூடாது, சரி. கடைசிப் பக்கத்தைத் திருப்பி, வெற்றுப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"எடுத்து வளர்த்த தாய்க்கு உரிமைன்னு இதுல ஒண்ணும் இல்லையேம்மா. ரத்த சொந்தம் வந்தாத்தான் உடம்பக் குடுக்க முடியும். அவங்க வீட்டுக்குச் சொல்லியாச்சு."

இல்லை என்பது குருவம்மாவுக்குத் தெரியும், கண்ணுகளா. அந்த உரிமையைச் சட்டத்திலிருந்து எடுக்கச் சம்மதித்ததே அவர்தான்.

சொல்கிறேன். குருவம்மா ஒரு பிரார்த்தனைக் கூடத்தை நடத்துகிற திருநங்கை. வீட்டில் துரத்திவிட்ட பிள்ளைகள் அவரிடம் வந்து சேரும். அவர் தலையில் கைவைத்து ஒரு பெயர் வைப்பார். அன்றிலிருந்து அவர் அம்மா, அது மகள். மகள் இறந்துபோனால் பெயர் வைத்த கையேதான் குளிப்பாட்ட வேண்டும். அது அந்தக் கூடத்து வழக்கம்.

அவரைப் போல வேறு வேறு கூடங்களை நடத்தும் திருநங்கைகள் எல்லோரும் சேர்ந்துதான் இந்தச் சட்டத்துக்காகச் சட்டசபைப் படியேறினார்கள். "எல்லாம் நிறைவேத்திடலாம். அந்தக் குடும்ப உரிமைய மட்டும் எடுத்துடுங்க, அதுலதான் எங்காளுங்க முறுக்கிட்டு நிக்கிறாங்க" என்றார் ஓர் உறுப்பினர். விட்டுக்கொடுத்தால் எதிராளி இறங்கி வருவான் என்று தினமும் கூடத்தில் போதிக்கிற வாய் குருவம்மாவுடையது. அங்கேயும் விட்டுக்கொடுத்தது.

கூடத்து வேனை ஓட்டுகிற மகள் மட்டும் தாழ்வாரத்தில் வைத்துச் சண்டை போட்டாள். அவளுக்கு வாயாடி என்றுதான் பட்டப்பெயர்.

"கதவத் திறப்பாங்க, சரி. உள்ள போனதும் நான் உனக்கு யாருன்னு கேட்டா என்ன சொல்லுவ? டிரைவர்னா?"

"அடுத்த தடவ கேட்டுக்கலாம்டி. வாய மூடு."

"நான் வாய மூடினா ஊரே பயந்துடும்மா."

எல்லோரும் சிரித்தார்கள். குருவம்மாவும்தான்.

அவள்தான் இப்போது உள்ளே கிடந்தாள். காய்ச்சல் என்று தன் காலால் நடந்து மருத்துவமனைக்குப் போனவள்.

மதியம் ஒரு கார் வந்தது. இறங்கிய இளைஞன் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, நேராகக் குருவம்மாவிடம் வந்தான்.

"நீங்கதானே குருவம்மா? நான் அவளோட தம்பி. அக்கா போன்ல உங்களப் பத்திச் சொல்லும்." அக்கா என்று சொன்னவன் திரும்பிக் காரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "அப்பா முன்னாடி அண்ணன்னுதான் சொல்லணும்."

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்ப்பா. நான் குளிப்பாட்டிக்கிறேன். அப்புறம் நீங்க கொண்டுபோங்க."

அவன் செருப்பால் தரையைத் தேய்த்தான். "பெரியப்பா ஆள் கூட்டிட்டு வந்திருக்காரும்மா. முடி வெட்டுறவரு."

அவள் முடி இடுப்புக்குக் கீழே தொங்கும்.

"சாவுக்கு வேண்டுதல் சொல்ற எங்க ஊர் குருவுக்கு விஷயம் தெரிஞ்சதும் கழுத்து வலி வந்துடுச்சு" என்றான் தம்பி. "வரமாட்டேன்னுட்டாரு. அப்பா இடிஞ்சு போயிட்டாரு. நீங்க இடுகாட்டுக்கு வந்து வேண்டுதல் சொல்றீங்களா? புதுச் சட்டப்படி இப்ப யாரும் உங்களத் தடுக்க முடியாதே. பேரு மட்டும்... பழைய பேரச் சொல்லிடுங்க."

"மத்த பொண்ணுங்க?"

"வரட்டும். ஆனா வேலிக்கு அந்தப் பக்கம் நிக்கட்டும்மா. கூட்டத்தப் பாத்தா அப்பா தாங்கமாட்டாரு."

முடியாது என்று சொல்லியிருந்தால் அவள் யாருமில்லாமல் போயிருப்பாள். குருவம்மா தலையசைத்தார்.

இடுகாட்டுக் காவல்காரர் அவரைக் கண்டதும் தடியோடு எழுந்தார். பிறகு புதுச் சட்டம் நினைவுக்கு வந்ததோ என்னவோ, மரியாதையாகக் கதவைத் திறந்துவிட்டார். பெட்டிக்குள் வெள்ளைச் சட்டையும் ஒட்ட வெட்டிய தலையுமாக யாரோ ஒரு பையன் படுத்திருந்தான். புருவம் மட்டும் அவளுடையது.

குருவம்மா வேண்டுதலைத் தொடங்கினார். எத்தனையோ பேருக்குச் சொன்ன வரிகள், தாமாகவே வந்தன. பெயரைச் சொல்லும் இடம் வந்தது. அங்கே நின்றுபோனார். பழைய பெயர் நாக்குவரை வந்து நின்றது. தாம் வைத்த பெயரும் அங்கேயே நின்றது.

எதிரே கிழவர், அவள் அப்பா, ஈரக் கண்ணோடு பார்த்தார்.

"மறந்துடுச்சாம்மா? பரவாயில்ல." அவரே எடுத்துக் கொடுத்தார், மகனுக்கு வைத்த பெயரை, அன்பாக. சுற்றி நின்றவர்கள் அதையே திருப்பிச் சொன்னார்கள்.

வேலிக்கு வெளியே ஒருத்தி வெடித்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பெயரைக் கத்திக் கத்தி அழுதாள்.

கிழவர் திரும்பிப் பார்த்தார். "யாரக் கூப்பிடுது அந்தப் பொண்ணு?"

தம்பி குருவம்மாவைப் பார்த்தான். குருவம்மா மண்ணைப் பார்த்தார். பிறகு அடுத்த வரியைச் சொல்லத் தொடங்கினார்.