மூன்று விரல் வாசல்

“அந்த அப்பா பறவ பழம் கொண்டாந்தா, இப்ப யாருக்குப்பா குடுக்கும்?” என்று ஆறு வயதுத் துளசி தன் அப்பா சுகுமாரனிடம் கேட்டாள். மறுநாள் காலை, புந்தோங்கில் இருந்த அவர்களுடைய வரிசை வீட்டின் முன்கதவு, பின்கதவு, சன்னல்கள் எல்லாம் மண்ணால் மூடிக்கொண்டன. துளசியைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பிய புஷ்பலதா, தன் வாசல் இருந்த இடத்தில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு பிளவு மட்டும் இருப்பதைக் கண்டாள். உள்ளே அவள் கணவன் இருந்தான். அவனோடு ஓர் இருவாச்சிப் பறவைக் குஞ்சும் இருந்தது.

சுகுமாரன் மரம் வெட்டுகிறவன். கோப்பெங் பக்கத்தில், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது வீடுகள் கட்டப் பிரித்துக்கொண்டிருந்த நிலத்தில், ஓர் அங்சானா மரத்தைச் சாய்க்கும் வேலை அவனுக்கு வந்தது. பெரிய மரம் என்றால் அவன் தகப்பன் காலத்திலிருந்தே ஒரு முறை உண்டு. முதல் நாள் சாயங்காலம் மரத்தடியில் தேங்காய் உடைத்து, சூடம் கொளுத்தி, இதில் குடியிருப்பவர்கள் யாராக இருந்தாலும் விடிவதற்குள் வேறிடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கும்பிட்டுச் சொல்ல வேண்டும். அவன் அப்படியே சொன்னான். நடுமரத்தில் ஒரு பொந்து மண் பூசி அடைபட்டிருந்ததைக் கறையான் என்று நினைத்துக்கொண்டான். பெண் இருவாச்சி பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொண்டுதான் குஞ்சு வளர்க்கும். அங்கேயே இறகு உதிர்ந்து, பறக்க முடியாமல், ஆண் பறவை பிளவு வழியாக ஊட்டுவதைத் தின்று உயிர் வாழும். மரம் விழுந்த பிறகுதான் அவன் இதையெல்லாம் அறிந்தான். போகச் சொன்னவன், போக முடியாதவர் யாரும் உண்டா என்று கேட்கவில்லை. தாய் நசுங்கிக் கிடந்தது. இறகு முளைக்காத குஞ்சைத் தலைக்கவசத்தில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். அவன் கிளம்பும்போது ஆண் பறவை, மரம் நின்ற வெறும் வெளியில், பொந்து இருந்த அதே உயரத்தில், எதையோ பற்றிக்கொண்டதுபோல அசையாமல் தொங்கியபடி அத்திப்பழத்தை நீட்டிக்கொண்டிருந்தது. இதை அவன் வீட்டில் சொன்னபோதுதான் துளசி அப்படிக் கேட்டாள்.

பக்கத்து வீட்டுக் கனகராஜ் சம்மட்டி கொண்டுவந்து ஒரு முழம் உடைத்தார். அவர் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் மண் மறுபடி பூசிக்கொண்டது. நகர மன்றத்திலிருந்து ஒருவர் வந்து அளந்து பார்த்து, வீட்டை நீட்டிக் கட்டத்தான் அனுமதி வேண்டும், மூடுவதற்கு விதி ஒன்றும் இல்லை என்று சொல்லிப் போனார். புஷ்பலதா பிளவில் வாயை வைத்துப் பேசினாள்.

“குஞ்சு பொழைக்கலன்னா என்னங்க செய்றது?”

“பொழைக்கணும் புஷ்பா. இது பறந்தாத்தான் நான் வெளிய வருவேன். எனக்கே தெரியுது.”

அவள் மகளோடு எதிர் வீட்டு இசபெல்லாவிடம் தங்கிக்கொண்டாள். வீட்டிலிருந்த அரிசி ஐந்தாம் நாள் தீர்ந்தது. அதன்பின் காலையும் மாலையும், வாழையிலையில் பென்சில் போலச் சுருட்டிய சோற்றையும், நறுக்கிய பப்பாளியையும், அத்திப்பழத்தையும் பிளவு வழியாகக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை திருநீறும் போயிற்று. மூன்றாம் வாரம் சுகுமாரனுக்குத் தலைமுடியும் புருவமும் உதிர்ந்தன. குஞ்சுக்கு இறகு வந்தது. “புருஷன வீட்டோட அடைச்சு வைக்கிற வித்தைய எனக்கும் சொல்லிக் குடுலா” என்று இசபெல்லா கேலி பேசினாள். பேசிவிட்டுத் தானும் பிளவின் முன் நின்று செபமாலை சொன்னாள்.

நான்காம் வாரம் புஷ்பலதா டெங்கிக் காய்ச்சலில் விழுந்தாள். இசபெல்லா துளசியைத் தன் தங்கை வீட்டில் விட்டுவிட்டு மருத்துவமனையில் அவளோடு இருந்தாள். தெருவில் எல்லோரும் நல்லவர்கள்தான். ஆளாளுக்கு, அடுத்தவர் கொடுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டு நாள் எதுவும் வரவில்லை. மூன்றாம் நாள் காலை குஞ்சு கழுத்தைத் தூக்க முடியாமல் சுகுமாரனின் மடியில் கிடந்தது. அவன் முருகனைக் கூப்பிடவும் வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்தான். பிளவில் வெளிச்சம் மறைந்தது. கோப்பெங்கிலிருந்து ஆண் இருவாச்சி வந்திருந்தது.

அது அவனைப் பார்த்தது. அவன் குஞ்சைத் தூக்கிப் பிடித்தான். பறவை தொண்டையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஏழு பழம் ஊட்டியது. குஞ்சு போதுமென்று தலையைத் திருப்பிக்கொண்டது. எட்டாவது பழத்தை அலகு நுனியில் வைத்துக்கொண்டு பறவை அங்கேயே நின்றது, போகவில்லை. அது யாருக்கு என்று விளங்க அவனுக்குச் சற்று நேரம் ஆயிற்று. பிறகு, மரத்தை வெட்டிய சுகுமாரன் வாயைத் திறந்தான்.

புஷ்பலதா வீடு திரும்பும்வரை ஒன்பது நாள் அது இருவருக்கும் ஊட்டியது. அதன்பின் அவளும் பறவையும் முறை வைத்துக் கொடுத்தார்கள். ஏழாம் வாரக் கடைசியில் குஞ்சு உள்ளிருந்து மண்ணைக் கொத்தியது, அவன் கரண்டியால் சுரண்டினான், சுவர் உதிர்ந்தது. இளம் பறவை மின்கம்பியில் இருந்த தகப்பனிடம் போய், இரண்டுமாக மலைப்பக்கம் பறந்தன. புதுமுடி முளைத்த தலையோடு வெளியே வந்த கணவனைப் புஷ்பலதா முதலில் குளிக்கச் சொன்னாள். மண்ணை மல்லிகைத் தொட்டிகளில் போட்டாள். தெரு அன்றே வேறு பேச்சுக்குப் போய்விட்டது.

இரண்டு வருடம் கழித்து, காம்பாருக்கு வேலைக்குப் போகும் வழியில், மின்கம்பத்தடியில் ஓர் ஆண் இருவாச்சி செத்துக் கிடப்பதைச் சுகுமாரன் கண்டான். குழி தோண்டப் போனவன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தான். உள்ளே விழுங்காத பழங்கள் இருந்தன. அப்படியென்றால் எங்கோ ஒரு பெண் பறவை காத்திருக்கிறது. அது அதே ஆண்தானா என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவன் முயலவும் இல்லை. உடம்பு சரியில்லை என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, ஆற்றோரம் மரம் மரமாகப் பார்த்து, இரண்டாம் நாள் மண் பூசிய ஒரு பொந்தைக் கண்டுபிடித்தான்.

ஏணி வைத்து ஏறினான். மனித முகத்தைக் கண்டதும் பெண் பறவை உள்ளே ஒடுங்கியது. கையால் கொடுத்ததை வாங்கவில்லை. அவன் பழத்தை உதட்டில் கவ்விக்கொண்டு முகத்தைப் பிளவில் வைத்துக் காத்திருந்தான். வெகுநேரம் கழித்து அலகு வந்து அதை எடுத்துக்கொண்டது. அதன்பின் தினமும் விடியும் நேரத்தில் போனான். வேலை சீக்கிரம் ஆரம்பிக்கிறது என்று வீட்டில் சொல்லியிருந்தான். முப்பத்தேழாம் நாள் மண் உடைந்திருந்தது. கையை உள்ளே விட்டுத் துழாவி, யாரும் மிச்சமில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஏணியை லாரியில் ஏற்றினான். எட்டு மணிக்குக் காம்பாரில் வேலை இருந்தது.