பாலிஷ் பக்கம்

"ரப்பர் போட்டும் ஊசி குதிச்சுது, ஸ்பிரிங் போட்டும் குதிச்சுது. அடியில கனமா ஒண்ணு இருந்தாத்தான்—"

"நான் ஊசியக் கேக்கல. கல்லக் கேக்குறேன்."

"—அதத்தான் சொல்ல வர்றேன், மெட்டில்டா. ரயில் போனா தரை அதிருது. அது ரெக்கார்டுக்கு ஏறாம—"

"இது எங்கேருந்து வந்துச்சுங்க?"

மெட்டில்டாவின் கணவர் ரூஃபஸ், ரெக்கார்டு பிளேயருக்கு அடியில் கிடந்த கல்லைப் பார்த்தார். பிளேயரில் ஆர்கன் இசை மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பதில் மெட்டில்டாவுக்குத் தெரிந்ததுதான். கல்லறைத் திருநாள் நெருங்கிவிட்டதே என்று, கல் வெட்டும் சங்கரை நாலு வார்த்தை கேட்கத்தான் காலையில் போன் செய்தாள். "அம்மா, பேரெல்லாம் வெட்டி முடிச்சு மழைக்கு முன்னாடியே கொடுத்துட்டேனே. சாரே வந்து ஆட்டோவில ஏத்திட்டுப் போனாரு" என்று அவன் தெலுங்கில் சொன்னான். திட்ட வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டு அவள் போனை வைத்தாள்.

அந்த சங்கரை அவள் என்னதான் பேசவில்லை? குடிகாரன், ஏமாற்றுக்காரன் என்று ஆராதனை முடிந்து வெளியே வரும் பெண்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள். வாராவாரம் தங்கை எமியின் மண்மேட்டருகே நின்று, "பொறுத்துக்கோடி, கல்லுக்காரன் இழுத்தடிக்கிறான்" என்று சமாதானமும் சொல்லியிருக்கிறாள். அங்கே நட்டிருந்த மரச்சிலுவையில் பெயின்ட்டால் எழுதிய பெயர் மழையில் கரைந்து, இப்போது வெறும் நீலக் கறைதான் மிச்சம். கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாமல், இந்த வீட்டிலேயே இருந்து இந்த வீட்டிலேயே போனவள் எமி. அவளுக்கென்று பேர் எழுதி வைக்க அந்த ஒரு கல்தான் இருந்தது.

"கிச்சன் மேடைக்கு வெட்டுன மிச்சம்னு சொன்னீங்க."

"வேற என்ன சொல்றது? சொன்னா நக்கோ, வேணவே வேணாம்னு நிப்பே."

"கல்லோட மறுமுனையை என்னையே பிடிக்க வச்சீங்களே."

"ஒரு மாசம் போட்டுப் பாத்துட்டு கல்லறைக்குக் கொண்டுபோயிடலாம்னுதான் நெனச்சேன். சத்தியமா. ஆனா அன்னைக்கு ரெக்கார்ட் போட்டேன் பாரு, ஆர்கனோட அந்த பேஸ், அந்த அடிக்குரல்... அப்புறம் எடுக்க மனசு வரல. சங்கர்கிட்ட இன்னொண்ணு சொல்லிட்டாப் போச்சு. எதுக்கு இவ்ளோ சத்தம்?"

அவள் குனிந்து பார்த்தாள். மேல்பக்கம் சொரசொரப்பாக இருந்தது. பிளேயருக்குக் கீறல் படக்கூடாது என்று அதன்மேல் கம்பளித்துணி வெட்டிப் போட்டவள் அவளேதான். தினமும் தூசி தட்டியதும் அவள்தான்.

"எழுத்து எங்க?"

ரூஃபஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கேள்வி அதுவாக இருந்தால் பதில் சொல்வது சுலபம் என்பதுபோல, கொஞ்சம் உற்சாகமாகவே சொன்னார்: "வெறும் கல்லா வச்சா அதுவே மணி மாதிரி அதிரும். கீழ மெத்துனு ரப்பர் ஒட்டணும். சொரசொரப்புல ஒட்டாது, பாலிஷ் பக்கந்தான் பிடிக்கும்."

மெட்டில்டா முழங்காலை ஊன்றித் தரையில் உட்கார்ந்தாள். கல்லுக்கும் மேசைக்கும் இடையில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. உள்ளே விட்டுத் தடவினாள். முதலில் வழவழப்பு, பிறகு பள்ளமாக வெட்டிய ஒரு சிலுவை. அதன் கீழே எழுத்து தொடங்கும் இடத்தில் மெத்தென்று ஒரு ரப்பர் வில்லை. நகத்தால் நெம்பிப் பார்த்தாள். அசையவில்லை.

வீட்டுக்குப் பின்னால் தண்டவாளத்தில் கூட்ஸ் வண்டி வந்தது. அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. ஜன்னல் கொக்கி ஆடியது. ஆர்கன் மட்டும் ஒரு இடத்திலும் தடுக்காமல் போய்க்கொண்டிருந்தது. ரூஃபஸின் பார்வை தன்னையறியாமல் ஊசிக்குப் போயிற்று. முகத்தில் லேசாக ஒரு நிம்மதி வந்து போனதை அவள் கீழேயிருந்து பார்த்துவிட்டாள்.

அவள் கையை வெளியே எடுக்கவில்லை.

"அவளக் குப்புறப் போட்டுட்டு எப்படிங்க பாட்டுக் கேட்டீங்க?"