நாலு வருட நங்கூரம்

‘டமார்!’

முதுநகர் துறைமுகமே திரும்பிப் பார்த்தது. ‘பிரிசில்லா’ விசைப்படகின் கூரையில் வரிசையாக உட்கார்ந்திருந்த நீர்க்காகங்கள் மொத்தமாக எழுந்து பறந்தன. பக்கத்துப் படகில் டீ குடித்துக்கொண்டிருந்த சுப்புராயன் பாதி டீயை லுங்கியில் ஊற்றிக்கொண்டார். பிரிசில்லாவின் புகைக்குழாய் ஒரு உருண்டை கரும்புகையைத் துப்பியது. பின்னாலேயே ஒரு பழைய பறவைக்கூடு வந்து விழுந்தது. அப்புறம் தடதடவென்று என்ஜின் ஓட ஆரம்பித்தது.

“ஏ மாப்ள ஆரோக்கியம்!” சுப்புராயன் லுங்கியை உதறினார். “குடியிருக்கிறவங்களுக்கு ஒரு மாசம் முன்னாடியே நோட்டீஸ் குடுக்க மாட்டியா? பாவம், அதுங்க எல்லாம் இந்த அட்ரஸ்லதான் ஆதார் கார்டு எடுத்து வச்சிருக்கு.”

பிரிசில்லாவின் இடப்பக்கம் நின்ற படகிலிருந்து கொளஞ்சியப்பன் எட்டிப் பார்த்தான். “என்ன மாமா, டிராக்டர் சத்தம் கேக்குது?”

“டிராக்டர்தான். நாலு வருஷமா சிதம்பரத்துல டிராக்டர் ரிப்பேர் பண்ணவன் இல்ல? கடலை உழப் போறான்.”

“அப்ப இங்க எதுக்கு? காட்டுமன்னார்கோயிலுக்கு ஓட்டிட்டுப் போகச் சொல்லு. வீராணம் ஏரியில விட்டா ஆழம் கம்மி, பயம் இல்ல.”

என்ஜின் அறையிலிருந்து ஆரோக்கியராஜ் தலையை நீட்டினான். முகம் முழுக்க கிரீஸ். “சிரிங்க மாமா, நல்லா சிரிங்க. பதினோரு மணிக்குப் பாக்கலாம்.”

பதினோரு மணிதான் அவனுக்குக் கெடு. மீன்பிடித் தடைக்காலப் படகு ஆய்வுக்கு வந்திருந்த மீன்வளத்துறை ஆய்வாளர் கனிமொழி கரையில் கையில் அட்டையோடு நின்றார். கியர் உடைந்து நின்ற நாளிலிருந்து பிரிசில்லா இந்த இடத்தை விட்டு நகர்ந்ததில்லை. சொந்த என்ஜினில் உப்பனாறு கடலில் சேரும் முகத்துவாரம் வரை போய்த் திரும்பிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் படகின் பெயர் பதிவேட்டிலிருந்து எடுக்கப்படும். அப்புறம் அது வெறும் பழைய மரம்.

ஆரோக்கியராஜ் அந்தப் பேச்சுக்கே இடம் கொடுக்கவில்லை. நாலு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் சிதம்பரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, என்ஜினைப் பிரித்துப் பிரித்துப் பூட்டினான். நேற்று ஒர்க்‌ஷாப் வேலையையும் விட்டுவிட்டான். திரும்பிப் போக வழி இருந்தால் கை தளர்ந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும்.

“மணி பத்தரை,” என்றார் கனிமொழி.

“மச்சான், நங்கூரம்!” என்று கத்தினான் ஆரோக்கியராஜ்.

அவன் மச்சான் ராஜவேல் நங்கூரக் கயிற்றை வின்ச்சில் சுற்றினான். கயிறு விறைத்தது. படகின் மூக்கு தண்ணீரைப் பார்த்துக் குனிந்தது. நங்கூரம் அசையவில்லை.

“வேர் விட்டிருக்கும்டா,” என்றார் சுப்புராயன். “வேணாம் மாப்ள, அப்படியே விட்டுடு. உன் பொண்ணு பேரைத்தானே போட்டுக்கு வச்ச? அவ பத்தாவதே பாஸ் பண்ணிட்டா. இது நாலு வருஷமா ஒரே கிளாஸ்ல உக்காந்திருக்கு. இனிமே எங்க தேறப் போவுது?”

“இன்னைக்குத் தேறும் மாமா. இழு மச்சான்!”

ஒரு உலுக்கல். உப்பனாற்றின் அடியிலிருந்து சேறு குபுகுபுவென்று கிளம்பியது. நங்கூரம் மேலே வந்தது. கூடவே கிழிந்த வலை, ஒரு டயர், ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி.

“என் சேரு!” சுப்புராயன் துள்ளி எழுந்தார். “போன வருஷப் புயல்ல போனதுடா அது!”

“பாத்து வாங்கு மாமா,” என்றான் கொளஞ்சியப்பன். “யாராவது உக்காந்திருக்கப் போறாங்க.”

ராஜவேல் நாற்காலியை சுப்புராயனின் படகுக்கு எறிந்தான். கனிமொழி சிரிப்பை அடக்கிக்கொண்டு, அட்டையில் ‘நங்கூரம் உள்ளது’ என்று குறித்தார். “சரி, கிளம்புங்க.”

ஆரோக்கியராஜ் சிலுவை போட்டுக்கொண்டு கியரைத் தள்ளினான். பிரிசில்லா உடம்பெல்லாம் நடுங்கியது. பின்னால் தண்ணீர் நுரைத்தது. ஆனால் படகு ஒரு அடிகூட நகரவில்லை.

கரையில் சிரிப்பு வெடித்தது. “கால் மரத்துப் போயிருக்கும்டா, கொஞ்சம் தைலம் தேய்ச்சி விடு!” என்று யாரோ கத்தினார்கள்.

“மச்சான், சூடு ஏறுது. நிறுத்திடலாமா?” என்றான் ராஜவேல்.

“நிறுத்தினா செத்துரும். ஓடட்டும்.” ஆரோக்கியராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினான்.

பிரிசில்லா உறுமியது. ஒரு அங்குலம். ஒரு சாண். ஒரு முழம். சட்டென்று கொளஞ்சியப்பனின் படகில் அடுப்பிலிருந்த சோற்றுப் பானை உருண்டது. அதற்கு அப்பால், அதோடு சேர்த்துக் கட்டியிருந்த இரண்டு படகுகளும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நகர்ந்தன. வலப்பக்கம் சுப்புராயன், கையில் நாற்காலியோடு, தன் படகோடு சேர்ந்து புறப்பட்டார்.

“டேய்! என்னை எங்கடா கூட்டிட்டுப் போற?”

அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. பிரிசில்லா எங்கும் போகாது என்பதால், மீன் இறக்கித் திரும்பும் படகெல்லாம் அதிலேதான் கயிற்றை மாட்டும். நாலு வருடப் பழக்கத்தில் அதை யாரும் ஒரு படகாகவே நினைக்கவில்லை. கரையில் நிற்கும் கம்பம் மாதிரிதான். இன்று நங்கூரத்தைத் தூக்கியவர்கள்கூட, தண்ணீருக்குள் மறைந்து கிடந்த அந்தக் கயிறுகளை மறந்துவிட்டார்கள்.

“நாலு போட்டை இழுக்குதே மச்சான்!” ராஜவேல் குதித்தான்.

“என்ஜின் நல்லாத்தான் இருக்கு,” என்றார் கனிமொழி. “ஆனா முகத்துவாரம் போயிட்டு வந்தாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன். இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. சுப்புராயன், கயிறை அவுத்து விடுங்க. இவரு திரும்பினதும் அடுத்தது உங்க போட்டுதான்.”

சுப்புராயன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

கொளஞ்சியப்பன் சட்டென்று கயிற்றை அவிழ்த்து, தன் நங்கூரத்தைத் தண்ணீரில் போட்டான். தொம்! இடப்பக்கத்து மூன்று படகுகளும் நின்றன. வலப்பக்கம் சுப்புராயன் மட்டும் முடிச்சின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

“அவுங்க மாமா, நேரம் ஆவுது.”

“முடிச்சி இறுகிக் கெடக்குடா.”

“தள்ளுங்க, நான் அறுத்துடறேன்.” ஆரோக்கியராஜ் வலை அறுக்கும் கத்தியை எடுத்தான். “புதுக் கயிறு நான் வாங்கித் தரேன். இன்னைக்கு இந்தப் போட்டு நிக்காது.”

சுப்புராயன் அவன் கண்களைப் பார்த்தார். இவன் கேட்க மாட்டான். அவரே முடிச்சைப் பிரித்தார். இரண்டே இழுப்பில் வந்துவிட்டது. பிரிசில்லா விடுபட்டு, முகத்துவாரத்தைப் பார்த்து மூக்கைத் திருப்பியது. சுப்புராயனின் படகு ஆற்றோட்டத்தில் மெல்ல வழுக்க ஆரம்பித்தது. அவர் அவசரமாக ஒரு மூங்கில் கழியைச் சேற்றில் ஊன்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“என்ன மாமா கழியோட நிக்கறீங்க? நங்கூரத்தைப் போடுங்க!” என்று கத்தினான் ஆரோக்கியராஜ்.

சுப்புராயன் கரையிலிருந்த கனிமொழியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“கத்தாத மாப்ள, சுருக்க போயிட்டு வந்துடு. இந்தச் சேரு போன புயல்லயே என் நங்கூரமும் போயிடுச்சிடா.”