நீளமான பாதி

அந்த ரயில்வே கேட்டில் ஆட்கள் இரண்டே பேர். அண்ணன், தங்கை. பொழுது விடிந்ததிலிருந்து பகல் ஆள்; பொழுது சாய்ந்து சிவப்பு விளக்கை ஏற்றியதும் ராத்திரி ஆள். கடிகாரம் பார்த்து ஆள் மாறும் பேச்சே அங்கே கிடையாது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு மார்ச் மாதம் அவள் வேலையில் சேர்ந்தபோது அண்ணன் சொன்னான்: "பகலும் ராவும் சமமா இருக்கற நாள் வருஷத்துக்கு ரெண்டு வரும். மார்ச்சுல ஒண்ணு, செப்டம்பர்ல ஒண்ணு. அன்னைக்கு உச்சிப் பொழுதுல மாத்திக்குவோம். ஓரவஞ்சனையே இருக்காது." அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. அந்த மார்ச்சில் பகலை எடுத்துக்கொண்டாள், செப்டம்பரில் ராத்திரியை. அன்றிலிருந்து அதே முறைதான்.

இந்த வருஷத்துச் செப்டம்பர் நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. கேட்டு அறையில் அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். பள்ளிப் பாடம் படித்துக்கொண்டிருந்த மகள் ஒரு கிழங்கை எடுத்துப் பென்சிலைக் குத்தி, கேட்டின் சிவப்பு விளக்கை ஏற்றி, கிழங்கை அதைச் சுற்றி நகர்த்தினாள்.

"பூமி எப்பவும் ஒரே பக்கமா சாய்ஞ்சே சுத்துதும்மா. இங்க வரும்போது நம்ம பக்கம் விளக்கைப் பாத்து சாயுது, பகல் பெருசு. எதிர்ப்பக்கம் போனா விலகிச் சாயுது, ராத்திரி பெருசு. நடுவுல ரெண்டே இடத்துல விளக்கைப் பாத்தும் சாயல, விலகியும் சாயல. சரிபாதி வெளிச்சம், சரிபாதி இருட்டு. அதுதான் இன்னைக்கு."

"நாளையிலேருந்து?"

"மார்ச் வரைக்கும் ராத்திரிதான் பெருசு. அப்புறம் செப்டம்பர் வரைக்கும் பகல் பெருசு."

கத்தி நின்றுவிட்டது. மார்ச்சிலிருந்து பகல் யாருக்கு? அவளுக்கு. செப்டம்பரிலிருந்து ராத்திரி? அதுவும் அவளுக்குத்தான். சமமாக இருந்தது மாறிக்கொள்ளும் அந்த ரெண்டு நாள் மட்டும். மற்ற நாளெல்லாம் நீளமான பாதி அவள் தலையில். அண்ணன் சொகுசாகக் குட்டைப் பாதியில். கோடையில் பதிமூணு மணி நேரம் நின்று கால் வீங்கியபோது, தன் உடம்புதான் சோம்பேறி என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து வயதில் இதே மகள், அம்மாவை வரையச் சொன்னதற்குக் கண் மூடிப் படுத்திருக்கும் ஒருத்தியை வரைந்தாள். அன்று எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

உச்சிப் பொழுதில் அண்ணன் வந்தான். மிச்சப் பகலை அவன் பார்ப்பான். அவள் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு ராத்திரிக்கு வர வேண்டும். சாவிக்குக் கை நீட்டினான்.

"மார்ச்சுக்கப்புறம் பகல் நீளும், செப்டம்பருக்கப்புறம் ராத்திரி நீளும். இது உனக்கு எப்பத் தெரியும்?" என்றாள்.

அண்ணன் மேசைமேல் கிடந்த கிழங்கைப் பார்த்தான், மருமகளைப் பார்த்தான். பொய் சொல்ல நேரம் போதவில்லை. "ரெண்டாவது வருஷமே தெரியும்."

"சொல்லணும்னு தோணலையா?"

"நீ கேக்கலையே. கூடப்பொறந்தவன்கிட்ட இதையெல்லாமா பாப்பாங்க?"

பதினோரு வருஷம் தலையில் மிளகாய் அரைத்துவிட்டு, பாசத்தை வேறு இழுக்கிறான். சாவியையும் கொடிகளையும் தன் பக்கம் இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு மாறப்போறதில்ல. மார்ச் வரைக்கும் பகல் எனக்கு, ராத்திரி உனக்கு."

"ஆறு மாசமா ராத்திரி முழிச்சவன் நான். இனிமேயும் நானேன்னா எப்படி?"

"சின்ன ராத்திரி முழிச்சவன் நீ. பெரிய ராத்திரி எப்படி இருக்கும்னு நீயும் பாரு."

அண்ணன் வாசலிலேயே நின்றான். அவள் எழுந்து, மகள் ஏற்றிய விளக்கை அணைத்து அவன் கையில் கொடுத்தாள்.

"எண்ணெய் ஊத்தி வை. போய்த் தூங்கிட்டு, பொழுது சாய வந்துடு. நாளைக்கு இன்னும் கொஞ்சம் சீக்கிரமே வரணும், அண்ணே."